தொப் அண்ணனின் உளவுத்துறை

பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் மேனேஜர் சாருக்கு வணக்கம். சார், நான் எதிரி நாட்டு ஆள் இல்லை, மெத்தைக் கடை விற்பனையாளன். படித்து முடித்ததும் பசையைக் கொஞ்சமாகத் தடவி ஒட்டி, என் மகளிடம் சேர்த்துவிடுங்கள்.

இனி உனக்கு. உளவாளிப் படம் எடுக்கிறார்கள், சரி. அதற்காகப் படத்தில் வேலை செய்கிற எல்லோரையும் உளவாளி மாதிரி நடத்துவார்களா? போனைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள் என்று நீ சொன்னபோது கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன். சண்டைக் காட்சி வெளியே போய்விடக் கூடாதாம். போனால்தான் என்ன? கதாநாயகி கராத்தே டீச்சர் வேஷம் போட்டுத் தூதரகத்துக்குள் நுழைவாள். ஆறு பேர் வருவார்கள். ஒவ்வொருவனாக வந்து அடி வாங்கிப் படுப்பான். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? அந்த ஆறு பேரில் ஒருவனாகக் காலம் தள்ளியவன் நான். ஒன்று மட்டும் சொல்கிறேன், நாங்கள் ஒவ்வொருவராக வருவது பயத்தினால் இல்லை, மரியாதையினால்.

கடையில் நேற்று ஒரு கணவன் மனைவி வந்தார்கள். "இது நல்லாத் தாங்குமா?" என்று அந்த அம்மா கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு, நின்ற வாக்கிலேயே பின்பக்கமாக மெத்தைமேல் விழுந்து காட்டினேன். தொப்! அந்த அம்மா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். மெத்தை விற்றுவிட்டது. ஆனால் முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இனிமே விழுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு விழுங்க" என்றார். சினிமாவில் எனக்குத் 'தொப்' என்று பேர் வைத்தவர்கள் ஒருவரும் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வண்டி ஏறும்போது நாம் சண்டை போட்டுக்கொண்டோம். நீ கதாநாயகிக்கு டூப்பாகக் குதிக்கும்போது உன் கயிற்றை என் பழைய கூட்டாளி பிடிக்கட்டும் என்றேன். "அவருக்கு எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, நங்கூரம் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த ஆளை நீயாகவே பிடித்துக்கொண்டாய். போகட்டும். ஆனால் ஒன்று. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆளை எப்படி நம்புவது? மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? என் முழங்கால் ஏன் போயிற்று? நான் மாடியிலிருந்து குதித்த நேரத்தில் என் கயிற்றைப் பிடித்தவன் கதாநாயகியைப் பார்த்தான். அதனால்தான் போயிற்று. அவனும் பேசாத ஆள்தான்.

இன்னொன்று. இடது இடுப்புப் பட்டைக்குள் இன்னொரு ஸ்பாஞ்ச் வைத்தால் மட்டும் போதாது. இறங்கும்போது வலது பக்கமாகச் சாய்ந்து வா.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: நங்கூரத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கச் சொன்னாள் உன் அம்மா. நான் கேட்கவில்லை.

*

பிப்ரவரி 8

அப்பா,

நலம். நங்கூரம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி, பெண்ணுக்குப் பல் விழுந்து முளைத்தாயிற்று. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைத் தண்ணீர் லாரி ஓட்டுநர் வெளியே கொண்டுபோய் அஞ்சல் பெட்டியில் போடுவார். மேனேஜர் கண்ணில் படாது. ஆனால் நீங்கள் எழுதுவதை அவர் கட்டாயம் படிப்பார். யோசித்து எழுதுங்கள். நல்ல வேளையாக, கதையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் அவர் பார்க்கிறார். இடுப்பு அவருக்குத் தேவையில்லை.

எனக்குத் தேவை இருக்கிறது. இடது இடுப்பு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதவில்லை. ஒத்திகையில், நான் விழுவதற்காகக் கீழே வைத்திருந்த அட்டைப் பெட்டி அடுக்கின் ஓரத்தில் விழுந்து இடித்துக்கொண்டேன். ஸ்டண்ட் மாஸ்டர் காதுக்குப் போனால், என்னை நிறுத்திவிட்டு வேறு டூப் கொண்டுவருவார். அதனால் வாயைத் திறக்கவில்லை. நங்கூரம் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். கயிற்றில் தொங்கும்போது என் எடை எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இங்கே நிலைமை உங்களுக்குப் புரியவில்லை. பாழடைந்த சிமெண்ட் தொழிற்சாலை. எங்கே கை வைத்தாலும் வெள்ளைத் தூள். புகைபோக்கியின் பாதி உயரத்தில் ஓர் இரும்பு மேடை. அங்கே நாயகி மூன்று பேரை உதைத்துத் தள்ளிவிட்டு, எதிரே இருக்கும் பாலத்தை நோக்கிப் பாய வேண்டும். பாலம் பாதியில் உடையும். அவள் விழுவாள். விழுவது நான். கயிற்றைக் கட்டி, அதை உடைக்குள் மறைத்து, ஜிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் எனக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது கயிறு பிடிப்பவரின் கை மட்டும்தான். கீழே இருக்கும் பெட்டிகள் கடைசி ஆறுதல்.

அவனவன் அடுத்தவனைச் சந்தேகப்படுகிறான். சாப்பிடும்போது யாராவது மேஜைக்கடியில் கை வைத்தால் போன் வைத்திருக்கிறானா என்று எட்டிப் பார்க்கிறார்கள். இதில் நீங்கள் வேறு. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். உங்களுக்கு யார் சொன்னது?

மகள்

*

பிப்ரவரி 13

அன்புள்ள மகளுக்கு,

(மேனேஜர் சார், வணக்கம். இந்தத் தடவை பசை அளவாக இருந்தது. நன்றி.)

யார் சொன்னது என்றா கேட்கிறாய்? என் வயிறு சொன்னது. பெற்ற வயிறு என்று அம்மாவுக்கு மட்டும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறதா? அப்பனுக்கும் வயிறு இருக்கிறது. என்னுடையது கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. நீ சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்தாலும் இடது பக்கம்தான் விழுவாய். அதை வைத்துக் கணக்குப் போட்டேன். அவ்வளவுதான். இதற்குப்போய் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாயே. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு மூளை வேலை செய்யக் கூடாது என்று சட்டமா?

உன் அம்மாவிடம் நங்கூரத்தின் பெண்ணுக்குப் பல் முளைத்ததைச் சொன்னேன். "அப்ப சரி" என்றாள். எதற்குச் சரி என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பாய்ச்சல் எப்போது என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேடைமேல் நின்று, "பிடிச்சிருக்கீங்களா?" என்று ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அவன் "ம்" என்றதும் போய்விட வேண்டும். நீ இரண்டு தடவை கேட்டாயாமே? இரண்டாவது தடவை கேட்கிறாய் என்றால் முதல் பதிலில் உனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நம்பிக்கை இல்லாத உடம்பு விறைக்கும். விறைத்த உடம்பு அட்டைப் பெட்டியில் விழாது, பெட்டியை உடைத்துக்கொண்டு கீழே போகும்.

'கேட்டாயாமே' என்று எழுதிவிட்டேன். அதைக் 'கேட்டிருப்பாய்' என்று படித்துக்கொள். பேனாவில் எழுதியதை அழிக்க முடியவில்லை.

அப்பா

*

பிப்ரவரி 18

அப்பா,

படித்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு விஷயங்கள். என் இடுப்பு வலி நங்கூரம் அண்ணனுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது தடவை நான் கேட்டது மேடையில் கேட்டது. அங்கே நானும் அவரும்தான் இருந்தோம். கீழே நிற்பவர்களுக்குக் காற்றில் ஒன்றும் கேட்காது. கயிறும் கொக்கியும் வாங்குவதற்காக வாராவாரம் வெளியே போய் வருகிறவரும் அவர்தான். வெளியே போனால் போன் பேசலாம்.

நேற்று அவரிடமே கேட்டேன். "எங்கப்பாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தொப் அண்ணனா? தெரியாம இருக்குமா."

"பேசுறதுண்டா?"

"முன்னாடி பேசியிருக்கேன்." அவ்வளவுதான். திரும்பிக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நீங்கள் சொன்னது சரிதான், பேசாத மனிதரின் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் வலியை மறைக்கிறேன் என்று தெரிந்தும் எனக்குத் தெரியாமல் உங்களுக்குத் தகவல் சொல்கிறவர், நாளைக்கு மாஸ்டருக்கும் சொல்வார். முகத்துக்கு நேரே ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. அப்படிப்பட்டவர் கையில் என் உயிரைக் கொடுக்க முடியாது.

இன்று காலை எல்லோர் முன்னாலும் கயிறு மாற்றிவிட்டேன். எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாஸ்டர் காரணம் கேட்கவில்லை, யாரும் கேட்க மாட்டார்கள். கயிற்றை இழக்கிறவரே அதைத் தன் கையால் புதியவர் கையில் வைக்க வேண்டும். அவர் வைத்தார். தூசியைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். அப்புறம் கீழே இறங்கிப் போய் அட்டைப் பெட்டி அடுக்குகிறவர்களோடு நின்றுகொண்டார்.

இப்போது மாஸ்டரின் மச்சினன் பிடிக்கிறார். நன்றாகப் பேசுகிறார்.

பாய்ச்சல் இருபத்தெட்டாம் தேதி. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

மகள்

*

பிப்ரவரி 22

மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். (மேனேஜர் சார், இன்று வணக்கம் மட்டும்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நங்கூரத்தை எனக்குப் பிடிக்கவில்லை, அவன் போய்விட்டான். கடையில் பாட்டுக்கூடப் பாடினேன். அன்று சாயங்காலம் வரைக்கும்தான் அது.

அப்புறம் எனக்கு ஒரு தகவல் வந்தது. யாரிடமிருந்து என்று கேட்காதே. அந்த மச்சினன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கேமராவில் பதிவதைக் காட்டுகிற டிவியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறானாம். நீ கிளம்பும்போது தாடையைத் தோள் பக்கமாகத் திருப்பிப் பின்னால் பார்க்கிறாயாம். ஒவ்வொரு ஒத்திகையிலும் பார்க்கிறாயாம். முன்னால் பாலம் உடையும்போது நீ பின்னால் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? என்னைக் கேள். வேண்டாம், என் முழங்காலைக் கேள்.

நங்கூரம் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனோடு நான் கடைசியாகப் பேசியது நீ இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால். அன்றைக்கும் அவன் பேசவில்லை, நான்தான் பேசினேன்.

எனக்குத் தகவல் சொல்கிறவர் வேறு ஒருவர். இந்தக் கடிதத்தை யார் படிப்பார் என்று உனக்குத் தெரியும், அதனால் பேரை எழுத முடியாது. எழுதினால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு போய்விடும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் அப்பன் சொல்கிறேன். கயிற்றை நங்கூரத்திடம் திருப்பிக் கொடுத்துவிடு.

அப்பா

*

பிப்ரவரி 25

அப்பா,

முதலில் வயிறு சொன்னது என்றீர்கள். அப்புறம் பேனா தப்பாக எழுதிவிட்டது என்றீர்கள். இப்போது பேர் சொல்ல முடியாத ஒருவர் என்கிறீர்கள். நான் கயிறு மாற்றியது உங்கள் ஆளுக்கு வலித்துவிட்டது, அவரைக் காப்பாற்ற ஓர் ஆளை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் இடத்தில் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

மச்சினனைப் பற்றிச் சொன்னீர்களே, அதுவும் நங்கூரம் அண்ணன் சொல்லக்கூடியதுதான். அவர் கீழே நின்று மேலேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேர் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் இரவில் தூங்க வேண்டும். கண்ணை மூடினால் இந்த முகாமில் இருக்கிற ஒவ்வொரு முகமாக வருகிறது. தண்ணீர் லாரிக்காரரைக்கூட இன்று ஒரு மாதிரி பார்த்தேன். பாவம், அவர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார், ஏதாவது கறையா என்று.

மகள்

*

பிப்ரவரி 28, காவலாளி அறையிலிருந்து

மகளே,

அப்பாதான். உன் தொழிற்சாலையின் வாசலில் இருக்கும் காவலாளி அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொன்னால்தான் நான் இங்கே எப்படி மாட்டினேன் என்று புரியும்.

முன்வாசலில் விடவில்லை. "என் பொண்ணு உள்ள குதிக்கப் போறா" என்றேன். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றான் காவலாளி. யார் அந்த எல்லாரும் என்று எனக்குப் புரியவில்லை. பின்பக்கம் போய்ச் சுவர் ஏறினேன். எத்தனையோ கதாநாயகர்கள் என்னைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்திருக்கிறார்கள். நானாக ஏறுவது இதுதான் முதல் தடவை. ஏறுவதில் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. உச்சியில் இருந்த கம்பியில் கால்சட்டை மாட்டிக்கொண்டது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நாலு காவலாளிகள் ஓடி வந்தார்கள். மரியாதை தெரியாதவர்கள், ஒவ்வொருவனாக வராமல் நாலு பேரும் சேர்ந்தே வந்தார்கள். படத்தைத் திருட வந்த உளவாளி என்று என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உனக்காக அம்மா கொடுத்த தைல பாட்டில் உடைந்துவிட்டது.

அப்புறம் மேனேஜர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த வணக்கம் போடுற ஆளு?" என்றார். நல்ல மனிதர். ஆனால் உள்ளே விட மறுக்கிறார். "குதிக்கிறதுக்கு முன்னாடி அப்பாவைப் பாத்தா பொண்ணு கலங்கிடும்" என்கிறார். அதுவும் நியாயம்தான். காகிதமும் பேனாவும் கொடுத்தார். நான் எழுதுவதை அவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். இதோ, பக்கத்திலேயே நிற்கிறார். படிக்கட்டும்.

பேர் கேட்டாய். ஊசி.

உன் உடுப்புகளைத் தைக்கிறவள். துணி வாங்கவும் சலவைக்குக் கொடுக்கவும் வெளியே போகும்போது எனக்குப் போன் பேசுவாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் என் கால்சட்டை கிழியும், ஒவ்வொரு தடவையும் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். உன் இடுப்புப் பட்டைக்குள் ஸ்பாஞ்ச் வைத்தவளுக்கு எந்தப் பக்கம் வலி என்று தெரியாதா? மேடைமேல் உனக்கு ஜிப் போடுகிறவளுக்கு நீ கேட்டது காதில் விழாதா? அவளாகச் சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தேன். நீ என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை, நான் என்ன செய்வேன் என்று அழுதும் காட்டினேன். கொஞ்சம் நடிப்பு. எல்லாம் நடிப்பு இல்லை.

நேற்று அவள் போன் பேசியபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, நான் ஜிப் போட்டுட்டு நிமிர்ந்தா அவ என் மொகத்தப் பாக்கல, கயிறயே பாக்குறா. என் பேரச் சொல்லிடுங்க. வேல போனா வேற வேல. பொண்ணு போனா?"

மேனேஜர் சார், அவள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் பெண்ணைப் பற்றி மட்டும்தான். கழுத்தைப் பிடிப்பதென்றால் என் கழுத்தைப் பிடியுங்கள்.

நங்கூரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் கயிற்றில் கத்தி வைத்தவன் நான்தான். கயிற்றை அவனிடம் கொடு. கொடுக்க மனம் வரவில்லையென்றால் இன்று குதிக்காதே. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றைச் செய்துவிடாதே.

அப்பா

*

பிப்ரவரி 28

அப்பா,

இறங்கிவிட்டேன். முழுசாக இருக்கிறேன். காவலாளியிடம் ஊக்கு கேட்டு வாங்கிக் கால்சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். இன்று என்னால் உங்களைப் பார்க்க முடியாது.

*

மார்ச் 5

அப்பா,

கோபம் தணிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன். தணியவில்லை. பரவாயில்லை, எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது கயிறு கட்டி, ஜிப் போட்டு, மேலே நின்றுகொண்டிருந்தேன். ஜிப் போட்ட கை அந்த இடத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். ஊசி அத்தை பக்கத்தில் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். மேடையில் நானும் நங்கூரம் அண்ணனும்தான் இருந்தோம் என்று உங்களுக்கு எழுதினேனே, மூன்று பேர் இருந்திருக்கிறோம். அத்தையை நான் எண்ணவே இல்லை. தினமும் என் முதுகைத் தொடுகிறவர்.

"நான்தாம்மா" என்றார். அவ்வளவுதான்.

கயிற்றைக் கழற்றிவிட்டு இரும்புப் படிகளில் இறங்கினேன். மேலேயிருந்து மாஸ்டர் கத்தினார், வெளிச்சம் போகிறது என்று. நங்கூரம் அண்ணன் பெட்டிகளுக்கு நடுவில் முழங்காலிட்டு, மூலைகளை மடக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். கயிற்றைப் பிடிக்க வாருங்கள் என்றேன்.

அவர் பெட்டியை விட்டுக் கையெடுக்கவில்லை. "இப்ப எதுக்கு நம்புறீங்க?" என்றார்.

"நீங்க சொல்லலைன்னு தெரிஞ்சிடுச்சுண்ணே."

"தெரிஞ்சதுக்கப்புறம் நம்புறதுக்கு நான் எதுக்கு? தெரியாதப்பதான் கயிறு பிடிக்க ஆள் வேணும்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கடைசிப் பெட்டியின் மூலையையும் மடக்கி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தார். எனக்கு முன்னால் படியேறினார்.

மச்சினன் கயிற்றை அவர் கையில் வைக்க வேண்டும். "போன வேகத்துல வந்துட்டீங்களே, லிஃப்ட் இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

விளிம்பில் நின்றேன். "பிடிச்சிருக்கீங்களா?"

"ம்."

திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கழுத்து வரைக்கும் வந்தது. பார்க்கவில்லை. மூன்று பேரை உதைத்தேன், ஓடினேன், பாலம் உடைந்தது, விழுந்தேன். நடுவில் ஓர் இடத்தில் கயிறு என்னை மெதுவாகப் பிடித்து, வலது பக்கமாகச் சாய்த்துப் பெட்டிகள்மேல் வைத்தது. விழுந்தேன் என்று சொல்ல முடியாது. வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இறங்கி வந்து, என் முதுகிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, என் கையிலேயே வைத்தார். புதியவர் கையில் இல்லை, என் கையில். அப்படி ஒருவர் செய்து நான் பார்த்ததில்லை.

"அடுத்ததுக்கு வேற ஆள் பாத்துக்கோங்கம்மா."

"அதான் மன்னிப்புக் கேட்டேனேண்ணே."

"கேட்டீங்க. அதனாலதான் இன்னைக்குப் பிடிச்சேன்."

மறுநாள் வேறு படத்துக்குப் போய்விட்டார். மாஸ்டர் தடுத்தார், நிற்கவில்லை. இந்தத் தொழிலில் அவரைப் போல ஒரு கை எனக்கு இனிக் கிடைக்குமா என்று தெரியவில்லை. அதை நான்தான் கெடுத்துக்கொண்டேன். ஆனால் நீங்களும்தான்.

ஊசி அத்தைக்கு வேலை போகவில்லை. க்ளைமாக்ஸ் உடுப்பு பாதித் தையலில் இருக்கிறதாம். இனி வெளியே போனால் ஒரு காவலாளி கூடவே போவான்.

என் இடுப்பைப் பற்றி மாஸ்டரிடம் நானே சொல்லிவிட்டேன். திட்டினார். ஒரு வாரம் ஓய்வு. அதற்கப்புறம் ரயில் கூரைமேல் சண்டை. கயிறு பிடிக்கப் புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆணா பெண்ணா, பேசுவாரா மாட்டாரா, எதையும் உங்களுக்கு எழுதப்போவதில்லை.

என்னைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுத மாட்டேன். எழுதாததை விட்டுவிடுங்கள்.

மகள்

*

மார்ச் 14

அன்புள்ள மகளுக்கு,

(மேனேஜர் சார், வணக்கம். உங்கள் முக்காலியின் ஒரு கால் ஆடுகிறது, ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.)

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நங்கூரம் கயிற்றை உன் கையில் வைத்த இடத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வில்லன்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது.

நங்கூரத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். அவனிடமிருந்து பதில் வந்தது. 'சரிண்ணே' என்று ஒரு வார்த்தை. எதற்குச் சரி, மன்னித்தானா, இல்லை கடிதம் கிடைத்தது என்கிறானா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பென்றால் யாரையாவது அனுப்பி விசாரித்திருப்பேன்.

இன்று மதியம் கடையில் ஓர் ஆளுக்கு மெத்தை காட்டிக்கொண்டிருந்தேன். (விழப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விழுந்தேன்.) கடை போன் அடித்தது. எடுத்தேன். ஊசி. பின்னால் அந்தக் காவலாளி யாரோடோ பேசுவது கேட்டது. ஊசிக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்திருப்பாள் போல.

"அண்ணே, இன்னைக்கு ரயில் மேல உங்க பொண்ணு..."

வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல செய்தி என்றாலும் அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். கெட்ட செய்தி என்றாலும் அப்படித்தான். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மெத்தை வாங்க வந்தவர், "எடுங்க, ஏதாவது அவசரமா இருக்கப்போவுது" என்றார். "அவசரம்தான்" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தலையணை காட்டினேன். என்ன விலை சொன்னேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னவாம்?"

"தெரியாது."

அவள் நம்பவில்லை. சோபாவில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பார்க்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது.

அப்பா